எலியின் சிவந்த காது

தம்பிக்கு,

நேற்று ஒருத்தி நீ விற்கும் மக்னீசியம் கலந்த சத்துமாவு டப்பாவோடு என் ஆய்வகத்துக்கு வந்தாள். டப்பாவில் உன் கல்யாணத்தில் எடுத்த என் படம். இடுப்பிலிருந்த குழந்தைக்கு உதடு வீங்கி மூச்சு இழுத்தது. "அலர்ஜி மாத்திரைய நிறுத்திருங்க, எங்க அக்கா கண்டுபிடிச்ச இதுவே போதும்னு கடைக்காரரு சொன்னாரு மேடம்" என்றாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பிழைத்துக்கொண்டது.

என் ஆய்வில், மக்னீசியம் இல்லாத தீனியில் வளர்த்த எலிகளுக்கு அலர்ஜியைக் கிளப்பும் ஹிஸ்டமின் ஏறிக் காது சிவந்தது. மக்னீசியம் கொடுத்ததும் சிவப்பு வடிந்தது. நன்றாகத் தின்று வளர்ந்த எலிகளுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை என்றும் ஆய்வுக் கட்டுரையில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கத்தை நீ புரட்டவில்லை.

நாளை அதிகாரிகள் வந்து கடையைப் பூட்டுவார்கள். அவர்களிடம் கத்தாதே, புகார் கொடுத்தது நான்.

குறை வைத்து வளர்த்த எலிக்குத்தான் அந்த மருந்து பலித்தது. அம்மா போனபின் உன்னை நான் எந்தக் குறை வைத்து வளர்த்தேன்?

அக்கா