இருபத்தெட்டு அங்குலப் பார்

உடப்புசல்லாவை
புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்ட பிறகு

அன்புள்ள தம்பி துஷாந்துக்கு,

சித்தி எழுதுகிறேன். முதலில் என்னை மன்னித்துக்கொள். இந்த வீட்டுக்கு நான் வந்து ஏழு வருடமாகிறது, உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். போன் வந்தால் சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று இரண்டே கேள்வி கேட்டுவிட்டு உன் அப்பாவிடம் கொடுத்துவிடுகிறவள் இப்படிப் பக்கம் பக்கமாக எழுதினால் உனக்கு வினோதமாகத்தான் இருக்கும். பேசிப் பதிவு செய்து அனுப்பலாம் என்றும் நினைத்தேன். நம் லயத்து வரிசை வீடுகளின் சுவர் உனக்குத் தெரியாததா, நம் காம்பராவில் ஒரு கேள்வி கேட்டால் அடுத்த காம்பராவிலிருந்து காளியாயி அக்கா பதில் சொல்லிவிடுவார். அதனால் வகுப்பறையிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன், எழுதி முடித்ததும் படம் எடுத்து உன் போனுக்கு அனுப்பிவிடுவேன். நாங்கள் மூன்று பேரும் இந்த நிமிடம் வரை சுகம். "இந்த நிமிடம் வரை" என்று எழுதியதை அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை. நீ அந்த ரோமேனியக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது கேட்டுக்கொள்கிறேன்.

தங்கச்சி சுலக்ஷனா நன்றாக இருக்கிறாள். அண்ணன் போனுக்குள்ளேதான் குடியிருக்கிறான் என்று பாலர் பாடசாலையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். லீக்ஸ் பாத்தி கார்த்திகை மழையில் போனது போனதுதான், மறுபடி கிழங்கு போட்டிருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி காலையில் கொஞ்சம் இருக்கிறது, உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார், நான் சொல்லிவிட்டேன். இனி எதற்காக எழுத உட்கார்ந்தேனோ அதற்கு வருகிறேன். நீ போன மாதம் அந்த நுவரெலியாப் பையனிடம் கொடுத்தனுப்பினாயே, மெசின் வாளுக்கான பார், அதைப் பற்றித்தான். செயின் சுற்றி ஓடுகிற அந்த நீளத் தகட்டுக்குப் பார் என்று பெயர் என்பதே எனக்குப் பெட்டியைப் பிரித்த அன்றுதான் தெரியும். அப்பா அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு மேல் லயத்திலிருந்து கீழ் லயம் வரை ஒரு நடை போய்வந்தார். அவரோடு மரத்துக்குக் கயிறு பிடிக்கப் போகிற கஜேந்திரன், "என்னண்ணே, மகன்கிட்ட வாள் கேட்டா தோணி தள்ளுற துடுப்ப அனுப்பியிருக்கான்" என்று கேலி செய்தார். அப்பா விடுவாரா, "ஒனக்கு வயித்தெரிச்சல்டா. ஒம் மகன் கொழும்புல இருந்து ஒரு டொபி அனுப்பியிருப்பானா?" என்றார். அன்று முழுக்க அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. சாப்பிடும்போதும் அது சுவரில் சாய்ந்து அவர் கண்ணில் படுகிற இடத்தில்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்ததால்தான் அப்போதே எதையும் கேட்டு விசாரிக்கவில்லை, அதுதான் என் பிழை.

மேல் லயத்துக்குப் பின்னால் மண்திட்டில் நிற்கிற பெரிய டர்பன்டைன் மரம் உனக்கு ஞாபகம் இருக்கும். கார்த்திகை மழையில் அதன் மேல்பக்கத்து மண் சரிந்து வேர் வெளியே வந்துவிட்டது. இப்போது மரம் லயத்தைப் பார்த்துச் சாய்ந்து நிற்கிறது, கிளைப் பாரம் முழுக்க இந்தப் பக்கம்தான். காற்று அடித்தால் ஆறு காம்பராக்காரர்களும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கு ஓடுகிறார்கள். வெட்டத்தான் வேண்டும், அதில் எனக்கு மறு பேச்சு இல்லை. தோட்டத்துப் பெரிய தொரை, நுவரெலியாவிலிருந்து பெரிய மெசின் வைத்திருக்கிற ஆட்களை வரச் சொல்லியிருக்கிறேன், அவர்கள் வர இரண்டு வாரம் ஆகும் என்றார். அப்பா காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் எல்லார் முன்னாலும், "எதுக்குங்க தொரை வெளியாளு? எம் மகன் பார் அனுப்பியிருக்கான், நானே சாச்சித் தாரேன்" என்று சொல்லிவிட்டார். போன வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் வைத்து அந்தப் பாருக்கு விபூதி பூசி, குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் வெட்டி, இந்த மரத்தின் பேரைச் சொல்லிப் பூசையும் போட்டாயிற்று. ஒரு மரத்தின் பேரைச் சொல்லி ஆயுதத்துக்குப் பூசை போட்டுவிட்டால், அந்த மரத்தைத் தொடாமல் திரும்புவது நம் ஆட்களுக்கு எப்படிப்பட்ட சங்கதி என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருக்கிறார்கள்.

நான் அந்த மரத்தை அளந்தேன். சிரிக்காதே. போன வியாழக்கிழமை துணி காயப்போடுகிற கயிற்றைக் கொண்டுபோய் அடிமரத்தைச் சுற்றிப் பிடித்தேன், பதினான்கு அடி. அப்படியென்றால் குறுக்காக ஐம்பத்து மூன்று அங்குலத்துக்கு மேல். அப்பாவின் கணக்கு இதுதான்: பழைய பதினெட்டு அங்குலப் பாரால் இரண்டு பக்கமும் அறுத்தாலும் நடுவில் ஒன்றரை அடிக் கட்டை அப்படியே நிற்கும், இருபத்தெட்டு அங்குலம் என்றால் இரண்டு பக்கமும் சேர்ந்து நடுவைத் தொட்டுவிடும். கூட்டிப் பார்த்தால் சரி. நானும் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிறவள்தான், முதலில் எனக்கும் சரியாகத்தான் பட்டது. அதற்குப் பிறகு மெசின் வந்த பெட்டியின் அடியில் கிடந்த சின்னப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். இங்கிலீசில் இருந்ததால் இத்தனை வருடமாக யாரும் பிரிக்காமல் நிறம்கூட மாறாமல் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் படித்தேன். நம்முடைய மெசின் ஐம்பது சி.சி. அதற்குப் போடக்கூடிய ஆகக் கூடிய நீளம் இருபது அங்குலம் என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறது. பொருந்துகிறது என்பதற்காக அதைவிட நீளம் போட்டால் செயினை இழுக்க மெசினுக்குத் தெம்பு இருக்காது, மரத்துக்குள் இறுகி நிற்கும், எண்ணெய் நுனி வரை போகாது, செயின் காய்ந்து தொய்யும், கழன்று அடிக்கலாம் என்றெல்லாம் இருக்கிறது. பாரின் மூக்கின் மேல்பக்கம் எதிலாவது பட்டால் வாள் ஆளைப் பார்த்து எகிறும் என்பதற்கு ஒரு படமே போட்டிருக்கிறார்கள். அந்தப் படத்தில் இருக்கிற ஆளுக்கு முகம் வரையவில்லை.

சொல்லாமல் இல்லை, சொன்னேன். சோறு போட்டுக்கொண்டே, புத்தகத்தில் இப்படி இருக்கிறதே என்று மெல்லத்தான் ஆரம்பித்தேன். "ஏங்க டீச்சரம்மா, மரமும் இந்தப் பொஸ்தகத்தப் படிச்சிட்டுத்தான் விழுமோ?" என்று கேட்டுச் சிரித்தார். கோபமாகச் சொல்லவில்லை, அவர் என்னிடம் கோபமாகப் பேசுகிறவர் இல்லை. ரோமேனியாவில் காட்டுக்குள்ளே இதை வைத்துத்தான் அடிக்கிறார்கள், மகன் தெரியாமலா அனுப்புவான் என்றார். அங்கே அவர்கள் மாட்டியிருக்கிற மெசின் நம்முடையதைப் போல இரண்டு மடங்காக இருக்கும் என்று வாய் வரை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து காளியாயி அக்கா, "மகன் அனுப்புனது சித்திக்குப் புடிக்கலயாக்கும்" என்று யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. அப்பாவின் காதிலும் விழுந்திருக்கும். ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நேற்று முன்தினம் ஐந்தாம் நம்பர் தேயிலை மலையில் ஒரு சவுக்கு மரத்தைப் புதுப் பாரால் அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். மாலையில் அவர் சட்டையைத் துவைக்க எடுத்தேன். இடது தோளில் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல். கேட்டதற்கு, தேயிலைச் செடி வாதில் மாட்டியது என்றார். வாதில் மாட்டினால் துணி இழுபட்டு நூல் நூலாகக் கிழியும். இது கத்தரிக்கோலால் வெட்டினது போல நேராக இருந்தது, ஓரம் முழுக்கச் செயின் எண்ணெய்க் கறுப்பு. நேற்றுக் காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது கஜேந்திரனிடம் கேட்டேன். முதலில் மழுப்பினார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "டீச்சர், நான் சொன்னேன்னு சொல்லிறாதீங்க. மரத்துக்கு அந்தாண்ட கல்லு ஒண்ணு இருந்திச்சு, பாரு நுனி அதுல பட்டுட்டு. அண்ணன் தலைய சாச்சாரு, அதனால தோளோட போச்சு. சாய்க்காட்டி…" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என் வாளி நிரம்பி வழிந்தது.

அந்தக் கல் ஏன் அவர் கண்ணில் படவில்லை என்று நேற்று முழுக்க யோசித்தேன். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். பழைய பார் சின்னது என்பதால் அவர் ஒரு மரத்தை இரண்டு மூன்று பக்கமிருந்து அறுக்க வேண்டியிருந்தது. அதற்காகவே மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். எந்தப் பக்கம் கல், எந்தப் பக்கம் மரம் உக்கியிருக்கிறது, கிளை எங்கே தொங்குகிறது, விழுந்தால் தான் எந்த வழியாக ஓடுவது, எல்லாம் அந்தச் சுற்றிலேயே பார்த்துவிடுவார். ஓடுகிற வழியில் கிடக்கிற விறகுக் குச்சியைக்கூடக் காலால் தள்ளிவிட்டுத்தான் மெசினை இழுப்பார். முப்பது வருடம் அவரை ஒரு கீறல் இல்லாமல் வைத்திருந்தது அந்தச் சுற்றுத்தான் என்று நினைக்கிறேன். இப்போது பார் நீளம், நின்ற இடத்திலிருந்தே அந்தப் பக்கம் போய்விடுகிறது. அவர் சுற்றுவதை விட்டுவிட்டார். சவுக்கு மரத்துக்கே இப்படியென்றால் அந்த டர்பன்டைனுக்கு என்ன சொல்வது? விழ வேண்டிய பக்கம் முதலில் வாய் வெட்டி, பின்பக்கம் பாதி அறுத்த இடத்தில் செயின் இறுகி மெசின் நின்றுவிட்டால், ஐம்பத்து மூன்று அங்குல மரம் பாதி அறுபட்டு லயத்தைப் பார்த்து நிற்கும். அறுக்கவும் முடியாது, விட்டுவிட்டு வரவும் முடியாது. ஆப்பு அடிக்கிறேன் என்று அவர் அதன் அடியிலேயே நிற்பார், அவரை எனக்குத் தெரியும். லயத்து ஆட்களைக் கோயிலுக்கு அனுப்பிவிடுவார்கள், அவர்களுக்கு ஒன்றும் ஆகாது. அவர்தான் கீழே நிற்பார்.

நேற்றுப் பின்னேரம் தொரையிடம் சொல்லிவிடுவது என்று ஒபிஸ் வாசல் வரை போனேன். உள்ளே கங்காணிமார் நான்கைந்து பேர் நின்றார்கள். பட்டம் படித்தவள் என்று இந்தத் தோட்டத்தில் எனக்கு ஒரு பேர், அந்தப் படியில் ஏற எனக்குக் கால் வரவில்லை. கூச்சம் மட்டும் இல்லை தம்பி. நான் சொல்லித் தொரை அவரை நிறுத்தினால், பெண்சாதி போய்ச் சொல்லி நிறுத்தினாள் என்று ஆகும். அதற்குப் பிறகு அவர் எந்த மரத்தடியில் எப்படி நிற்பார்? வீட்டுக்கு வந்து பழைய பாரைத் தேடினேன், நாமே மாற்றிப் போட்டுவிடலாமா என்று. அது எப்படிக் கழற்றுவது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

நீ கவலைப்பட்டு வேலை இடத்தில் கவனம் தப்பிவிடாதே. நீயும் மர ஆலையில் நிற்கிறவன், கையுறையைக் கழற்றாதே, தலைக்குப் போடுவதைப் போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு. முருகன் உனக்கு நீண்ட ஆயுளும் நல்ல வழியும் தர வேண்டும். படித்ததும் இந்தப் படங்களை அழித்துவிடு, என் போனிலும் நான் அழித்துவிடுவேன், இல்லாவிட்டால் தங்கச்சி எல்லாவற்றையும் திறந்து அப்பாவிடம் காட்டிவிடுவாள்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். அப்பாவைக் கூப்பிட்டு, அந்தப் பாரை நீ தவறாக அனுப்பிவிட்டாய் என்று சொல்ல வேண்டும். பெரிய மெசினுக்கு உள்ளதை மாற்றி எடுத்துவிட்டேன், நம் மெசினுக்கு ஆகாது, கழற்றி வையுங்கள், அந்த மரத்தை நுவரெலியா ஆட்கள் வந்து வெட்டட்டும் என்று உன் வாயால் சொல்ல வேண்டும். நீ தவறு செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். மெசின் எத்தனை சி.சி. என்று நீ இரண்டு தரம் கேட்டாய், நான் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர்தான், "அதெல்லாம் எதுக்கு, நீ பெருசா பாத்து அனுப்பு" என்று சிரித்தார். தெரிந்துகொண்டே செய்யாத பிழையை உன்னை ஏற்றுக்கொள்ளச் சொல்கிறேன், பெற்றவளாக இருந்தாலும் கேட்கக் கூசுகிற காரியம், நான் சித்தி. ஆனால் பிழை அவருடையது என்றால் பூசை போட்ட வாளோடு ஞாயிற்றுக்கிழமை அந்த மரத்தடிக்குப் போயே தீருவார். பிழை உன்னுடையது என்றால் அன்றைக்கே கழற்றிவிடுவார், உன்னை யாரும் ஒரு சொல் சொல்லக் கூடாது என்று அம்மனிடமும் தொரையிடமும் அவரே போய் நின்று பேசுவார். சனிக்கிழமைக்கு முன்னால் கூப்பிடு. நிறையத் திட்டுவார். எதிர்த்து ஒன்றும் சொல்லாமல் கேட்டுக்கொண்டிரு, தம்பி.

இப்படிக்கு,
உன் சித்தி
ஜீவராணி சோலைமலை