பதினொரு நாள் நின்றுபோன புள்ளி

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது. இங்கே எனக்கும் அம்மாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசைப் பற்றி மட்டும் கேட்காதே. நீ கரையில் இரண்டு நாளாவது நன்றாகத் தூங்கி எழுந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

போனில் அம்மா அழுதுகொண்டிருந்ததால் நான் ஒன்றும் பேசவில்லை, இப்போது பேசுகிறேன், கோபமாகத்தான் இருக்கிறது. பதினொரு நாள் கம்ப்யூட்டர் வரைபடத்தில் நீ தனியாக ஓட்டிப் போகிற பாய்மரப் படகின் புள்ளி ஒரே இடத்தில் நின்றுவிட்டது. உன் தம்பி கடலோரக் காவல் அலுவலகத்துக்குத் தினமும் இரண்டு தடவை போன் செய்தான், "சிக்னல் இல்லன்னா படகே இல்லன்னு அர்த்தமில்ல சார்" என்று ஒரே பதிலைச் சொன்னார்கள். அம்மா திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டவள் சாப்பிடக்கூட எழவில்லை. நான் டிப்போவுக்குப் போனேன், போய் என்ன, முப்பது வருஷமாக பஸ்ஸுக்கு ஒயரிங் செய்கிற கை, பிரேக் விளக்குக்குப் போக வேண்டிய ஒயரை ஹாரனில் கொடுத்து ஃபோர்மேனிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைசியில் பார்த்தால் புயலும் இல்லை ஒன்றும் இல்லை, பேட்டரியில் சார்ஜ் இல்லாமல் புள்ளி காட்டும் கருவி அணைந்திருக்கிறது.

மூன்று நாள் மேகமூட்டம், போதாததற்கு சோலார் தகட்டின் மேல் பாயின் நிழல். ஒரு கயிற்றின் நிழல் விழுந்தாலே பாதி சார்ஜ் போய்விடும் என்று தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன், "அப்பா, அது படகு, உங்க பஸ் இல்ல" என்று சிரித்தாய். அப்படியும் தானாகத் திரும்பும் சுக்கானோடு ஃபிரிட்ஜையும் ஓடவிட்டிருக்கிறாய், நடுக்கடலில் உனக்குக் குளிர்ந்த தண்ணீர் கேட்கிறது. எஞ்சினைப் போட்டு சார்ஜ் ஏற்றலாம் என்று சாவியைத் திருப்பினால் எஞ்சின் பேட்டரியிலும் உயிரில்லை, இரண்டு பேட்டரியும் ஒன்றாக இணைந்து சேர்ந்தே வற்றியிருக்கின்றன. அடிவரை வற்றியது பிறகு வெயில் வந்தும் ஏறவில்லை. பதினொரு நாளும் கையாலேயே சுக்கான் பிடித்து, இருபது இருபது நிமிஷமாகத் தூங்கினேன் என்றாய்.

ஒன்றை மறைக்க முடியவில்லை. இரண்டு பேட்டரியையும் சேர்க்கிற அந்த ஸ்விட்சைப் பொருத்தியவன் நான்தான். நீ கிளம்புவதற்கு முந்தின நாள், தனியாகப் போகாதே என்று உன்னோடு சண்டை போட்டுக்கொண்டே பொருத்தினேன். எஞ்சின் ஓடும்போது மட்டும்தான் சேர்க்க வேண்டும், நிறுத்தியதும் பிரித்துவிட வேண்டும் என்று சொல்ல வந்தேன், நீ ஏதோ சொன்னாய், நான் பையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். அம்மாவுக்கு இது தெரியாது. உன் மேல் கத்துவதில் பாதி என் மேல் கத்துவது.

ஆனாலும் அதே பேட்டரிகளோடு அடுத்த வாரம் கிளம்புகிறேன் என்கிறாயே, அதை எப்படிப் பொறுப்பது? துறைமுகத்து மெக்கானிக் "இன்னும் ஒரு வருஷம் ஓடும்" என்றானாம், அவனா கூட வரப்போகிறான்? இரண்டையும் மாற்று, எஞ்சின் பேட்டரியைத் தனியாக வை, புள்ளி காட்டும் கருவிக்குச் சின்னதாக வேறொரு பேட்டரி கொடு. ஃபிரிட்ஜைப் பிடுங்கு. இனி போகாதே என்று சொல்லமாட்டேன், சொல்லி என்ன ஆயிற்று என்று பார்த்துவிட்டேன்.

நல்ல காற்றும் தெளிந்த வானமும் உனக்கு அமையட்டும், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. இதோடு வரும் பொட்டலத்தில் வோல்ட் பார்க்கிற என் மீட்டரை வைத்திருக்கிறேன். தினமும் காலையில் தகட்டில் வெயில் விழுவதற்கு முன்னால் பேட்டரியில் வைத்துப் பார்த்து, புள்ளி காட்டும் கருவி வழியாக அந்த எண்ணை மட்டும் அனுப்பு, வேறு எதுவும் எழுத வேண்டாம். பன்னிரண்டரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு நான் வேலைக்குப் போவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா