இத்தாலிக்காரர் கேட்ட கையெழுத்து

இன்று காலைப் பேப்பரில் அந்த இத்தாலி சைக்கிள் வீரரின் படம் வந்திருக்கிறது. தலை முழுக்க நரைத்துவிட்டது. சைக்கிள் பந்தயத்தை விட்டு எத்தனையோ வருடமாகியும், இத்தாலியில் அவர் தெருவில் இறங்கினால் இன்னும் கூட்டம் கூடுகிறதாம். உன்னைக் கூப்பிட்டுப் படித்துக்காட்ட போனை எடுத்துவிட்டேன். நீ போய்ச் சேர்ந்து நாலு வருடமாகிறது என்பது பிறகுதான் உறைத்தது.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ இருக்கும். துபாய் சத்வாவில் நாம் இருவரும் ஒரே சைக்கிள் கடையில் மெக்கானிக். கடைக்கு வரும் இத்தாலி இன்ஜினியர் ஒருவர், இந்த வீரரைப் பற்றிப் பேசாமல் வண்டியை எடுத்துப் போனதில்லை. நீ அதையெல்லாம் கேட்டுவந்து கராமாவில் நாம் தங்கியிருந்த ரூமில் சோறு வடித்துக்கொண்டே சொல்வாய்.

"ரேஸை விட்டுப் பதினஞ்சு வருசமாச்சாம்டா. இன்னும் பேரைச் சொன்னாலே இன்ஜினியரு கண்ணு கலங்குது. அப்படி என்னதான் பண்ணியிருப்பாரு?"

பிறகு அவரே துபாய்க்கு வந்தார். வெள்ளிக்கிழமை காலை கடற்கரைச் சாலையில் ரசிகர்களோடு ஓட்டப்போகிறார் என்றார்கள். கடையில் அன்றுதான் வேலை அதிகம். முதலாளி "லீவு மாஃபி, கிடையாது" என்று முடித்துவிட்டார். விசா அவர் கையில் இருந்தது. கோபித்தால் ஊருக்கு அனுப்பிவிடுவார் என்றேன். நீயோ, "வர்றது வரட்டும், கிளம்புடா" என்றாய்.

அங்கே ஐம்பது வயதுக்காரர்கள் பள்ளிப்பிள்ளைகள் மாதிரி அவர் பெயரைக் கூவிக்கொண்டிருந்தார்கள். ஆளாளுக்குத் தொப்பியை நீட்டிக் கையெழுத்து கேட்டார்கள். நீ மட்டும் அவர் முகத்தைப் பார்க்கவேயில்லை, அவர் வண்டியைத்தான் பார்த்தாய்.

"பின் வீல் ஆடுதுடா. யாரோ சரியா பாக்காம குடுத்துருக்கான்."

சொல்லிவிட்டு, கூட்டத்தைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டினாய். காவலாளி உன் சட்டையைப் பிடித்தார். அந்த வீரர் திரும்பிப் பார்த்தார், உன்னை விடச் சொன்னார். நீ காட்டிய சக்கரத்தைச் சுற்றிப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றுபோனது. நீ மண்டியிட்டு, பாக்கெட்டில் இருந்த ஸ்போக் சாவியால் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கினாய். அத்தனை கூட்டமும் காத்திருந்தது.

முடித்ததும் உன் பெயரைக் கேட்டார். சரியாக வரும்வரை சொல்லிப் பார்த்தார். பிறகு தன் தொப்பியைக் கழற்றி, பேனாவோடு உன்னிடம் நீட்டினார். நீ விழித்தாய்.

"உன் கையெழுத்தைக் கேக்குறாருடா" என்றேன்.

கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு தமிழில் போட்டாய்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னாய்: "அவரை ஏன் மறக்க மாட்டேங்குறாங்கன்னு இப்பத்தான்டா புரியுது."

கடைக்குத் திரும்பியதும் முதலாளி, "கலாஸ், முடிஞ்சுபோச்சு, ரெண்டு பேரும் ஊருக்குக் கிளம்புங்க" என்றார். மறுநாள் இன்ஜினியர் ஏழெட்டு இத்தாலிக்காரர்களோடு வந்து, உன் பெயரைச் சொல்லி, நீதான் வண்டி பார்க்க வேண்டும் என்று நின்றார். முதலாளி அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இப்போது புதுக்கோட்டையில் எனக்கென்று ஒரு கடை. வண்டியோடு வருகிறவரிடம் என்ன கோளாறு என்று கேட்பதற்கு முன்னால் பெயரைக் கேட்கிறேன். அடுத்த தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் அவர்கள் முகம் சட்டென்று மலரும். அப்போது கொஞ்ச நேரம் நீ என் எதிரில் நிற்கிறாய்.