கங்காணிக்காக உடைச்ச சிமெண்டு

ரிங்லெட்
வெள்ளிக்கிழமை காலை

என் கண்ணு சசிரேகாவுக்கு அப்பா பக்கிரிசாமி எழுதுறது. மாரியாத்தா புண்ணியத்துல நானும் உங்கம்மாவும் எழுந்து நடமாடிக்கிட்டு சுகமா இருக்கோம், அம்மாவுக்கு மட்டும் லேசா சளி, அதுவும் மழை விட்டா போயிடும். அயர்லாந்து குளிர்ல நீயும் ஒரு குறையும் இல்லாம இருக்கணும்னு தெனம் விளக்கு ஏத்தும்போது அம்மா வாய்விட்டு சொல்றா, எனக்கும் அதே நினைப்புதான். ஃபோன் இருக்கும்போது இந்த மனுஷன் எதுக்கு காயிதம் போடுறாருன்னு நினைப்பே. ஃபோன்ல நான் ஒரு வார்த்தை சொன்னா நீ ஒம்பது வார்த்தை சொல்றே, நடுவுல அம்மா புடுங்கிக்கிறா, அப்புறம் லைன் போயிடுது. காயிதத்துல யாரும் குறுக்க பேச முடியாது. முழுசா படி, படிச்சிட்டு அப்புறமா கோவப்படு. நம்ம ஆமை கங்காணியை வர்ற ஞாயித்துக்கிழமை வந்து தூக்கிட்டுப் போறதுக்கு ஈப்போவுல ஆமைப் பண்ணை வெச்சிருக்கிற திருமாறன்னு ஒருத்தரை ஏற்பாடு பண்ணியிருந்தியே, அவருக்கு நானே ஃபோன் அடிச்சு வர வேணாம்னு சொல்லிட்டேன். உங்கிட்ட சொல்ல வேணாம், நானே எழுதிக்கிறேன்னும் கேட்டுக்கிட்டேன். இது உன் கைக்கு வர்றதுக்குள்ள அந்த ஞாயித்துக்கிழமை போயே போயிருக்கும்.

நீ நல்ல எண்ணத்துலதான் சொன்னே, எனக்குத் தெரியும். அப்பா உங்களுக்கு அறுபத்தி மூணு வயசாச்சு, அந்த ஆமை முப்பத்தெட்டு கிலோ, கால்ல புண்ணு வேற, நாள் முழுக்க நிக்காம நடக்குதுன்னு அம்மா அழுவுறாங்க, பண்ணையில குடுத்தா நல்லா பாத்துக்குவாங்கன்னு சொன்னே. எல்லாம் சரி. ஆனா அது ஏன் நடந்துச்சு, ஏன் புண்ணாச்சுன்னு அப்போ உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. இப்போ தெரியும். தப்பு என் மேல.

நாப்பத்தோரு வருஷம் தேயிலை ஃபேக்டரியில வேலை பாத்தேன், அத்தனை வருஷமும் எஸ்டேட்டுல குடுத்த லைன் வீட்டு வாசல்ல செம்மண்ணுதான், மழை பேஞ்சா கணுக்கால் வரைக்கும் சேறு. உன் ஸ்கூல் சப்பாத்தை தெனம் கழுவி அடுப்புப் பக்கத்துல காய வெச்சது யாரு, நான்தான். சொந்தமா வீடுன்னு ஒன்னு வாங்கினா ஒரு புடி மண்ணு கண்ணுல படக் கூடாதுன்னு அப்பவே வைராக்கியம். நான் மட்டுமா, நம்ம லைன்லேருந்து இந்த வரிசைக்கு வந்த ஏழு குடும்பமும் சாமி படம் மாட்டறதுக்கு முன்னாடி செஞ்ச வேலை வீட்டைச் சுத்தி சிமெண்டு போட்டதுதான். நாங்க இன்னும் ஒரு படி மேல போயி சிவப்பு சாயம் கலந்து போட்டோம், உங்கம்மா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதுல கோலம் போட்டுட்டு அக்கம்பக்கத்தை கூப்பிட்டுக் காட்டுவா. கங்காணிக்கு நான் என்ன குறை வெச்சேன், பலகையில பெட்டி, உள்ள சூட்டுக்கு லைட்டு, குளிக்க தொட்டி, எல்லாம் வெச்சேன். மண்ணு மட்டும் வெக்கல. நீ ஃபாரம் டூ படிக்கும்போது சித்தப்பா கொண்டாந்தாரு, தீப்பெட்டி அளவுதான் இருந்துச்சு. வளந்து பெருசாகி தேயிலை நிரை ஓரமா ஏறி இறங்கி வேலை வாங்குற கங்காணி மாதிரி எல்லாரையும் முறைக்குதுன்னு நீதான் அந்தப் பேரு வெச்சே. அதுவும் மண்ணை விட்டு வந்து சந்தோஷமா இருக்கும்னு நினைச்சேன் பாரு, என் புத்தியை என்ன சொல்றது.

போன மாசம் நடக்க ஆரம்பிச்சுது. காலையில ஏழு மணிக்கு டியூட்டிக்கு போற மாதிரி பெட்டியை விட்டு வரும், சுவரை ஒட்டி ஒரு மூலையிலேருந்து அடுத்த மூலைக்கு, ஒவ்வொரு மூலையிலயும் திரும்பி நின்னு பின்னங்காலால சிமெண்டை பரட்டு பரட்டுன்னு பிராண்டும், மறுபடி நடக்கும். முட்டைக்கோசு, செம்பருத்தி, எதைப் போட்டாலும் மோந்து கூட பாக்காது. எஸ்டேட்டை நினைச்சு ஏங்குதுன்னு ஊரே சொல்லிச்சு, எஸ்டேட்டை நினைச்சு எவன் ஏங்குவான்னு எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. பூந்தொட்டியை குறுக்க வெச்சேன், தள்ளிட்டுப் போயிடுச்சு. பெட்டிக்குள்ள வெச்சு கதவை சாத்தினேன், அன்னிக்கு முழுக்க முட்டின சத்தத்துல உங்கம்மா சாப்பிடவே இல்ல. நாலாம் நாளு பாத்தா ரெண்டு பின்னங்காலும் குதிகால் பக்கம் தோல் உரிஞ்சு ரத்தம். அம்மா வழக்கம் போல மஞ்சளையும் தேங்கா எண்ணெயையும் குழைச்சு அப்பி விட்டா. நமக்கெல்லாம் ஆறின மருந்துதானே, ஆனா அது தரையோட தரையா தேய்க்கிற காலு, எண்ணெயில தூசியும் அழுக்கும் ஒட்டி, ஈ மொய்ச்சு, ஒரு வாடை வந்துடுச்சு. அந்த நேரத்துலதான் நீ ஃபோன் அடிச்சே, அம்மா அழுதா, நீ திருமாறனை ஏற்பாடு பண்ணினே.

சாப்பாட்டுக் கடை மைதீன் பாய்தான் சும்மா இருக்காதீங்க அண்ணே, ஈப்போ மிருக டாக்டர் ஒருத்தங்க மாசத்துக்கு ரெண்டு தடவை பக்கத்து டவுன் தானா ராத்தாவுக்கு வர்றாங்க, காட்டுங்கன்னு சொல்லி தன் வேன்லயே ஏத்திட்டுப் போனாரு. டாக்டர் நாடியா, மலாய்க்காரப் பொண்ணு, உன் வயசுதான் இருக்கும். ரெண்டு பேரா தூக்கி காட்டினோம், வாலைப் பாத்தாங்க, வயித்துப் பக்கம் ஓடு எப்படி இருக்குன்னு பாத்தாங்க, இது ஆம்பளைன்னு யாரு சொன்னாங்கன்னு கேட்டாங்க. பதினேழு வருஷமா வாடா போடான்னு கூப்பிட்டுக்கிட்டு இருந்தோமே! மறுநாள், போன வாரம் புதன்கிழமை, அவங்க கிளினிக்குக்கே ஈப்போ போனோம், எக்ஸ்ரே எடுத்தாங்க, படத்துல வயிறு முழுக்க பிங்பாங் பந்து மாதிரி முட்டை. ஒன்னு ரெண்டுன்னு விரல் வெச்சு எண்ணிக் காட்டினாங்க, பத்தொம்பது. ஜோடி இல்லாமலே கோழி முட்டை போடுதுல்ல, அந்த மாதிரியாம், குஞ்சு வராது, ஆனா வெளிய வந்தே ஆகணும். போடுறதுக்கு மண்ணு தேடித்தான் அது நடந்திருக்கு, மண்ணுன்னு நினைச்சுத்தான் என் சிமெண்டைத் தோண்டி காலைப் புண்ணாக்கியிருக்கு. எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு சசி, பாய் தோளைத் தட்டிக் குடுத்தாரு. ஆழமா மண்ணு வேணும், அடுத்த வியாழனுக்குள்ள போடலைன்னா ஆப்பரேஷன்தான், இந்த நேரத்துல புது இடத்துக்கு அனுப்பினா முட்டையை அடக்கி வெச்சே செத்தாலும் செத்துடும்னு டாக்டர் சொன்னாங்க. கிளினிக் வாசல்ல நின்னே திருமாறனுக்கு ஃபோன் அடிச்சேன். நல்ல மனுஷன், புரிஞ்சுக்கிட்டாரு.

வியாழக்கிழமை காலையில பசியாறினதும் சம்மட்டியை எடுத்தேன். பின்பக்கம் வெயில் விழுற மூலை, பத்தடிக்கு எட்டடி. மொத அடி விழுந்ததும் உங்கம்மா ஓடி வந்து உங்களுக்கு கிறுக்கு புடிச்சிருச்சான்னு கேட்டா, அப்புறம் அன்னிக்கு முழுக்க எங்கிட்ட பேசல. பக்கத்து வீட்டு ராதாகிருஷ்ணன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு, ஆமைக்கு பிரசவ வார்டு கட்டுறீங்களான்னு சிரிச்சான். சிரிக்கட்டும்லா. நான் போட்ட சிமெண்டு, நான்தான் உடைப்பேன், என் தப்பை அடுத்தவன் தலையில கட்டி ஈப்போவுக்கு அனுப்ப மாட்டேன். வெள்ளிக்கிழமை என் வலது தோள் தூக்க முடியல, இடது கையால அடிச்சேன். அப்பத்தான் அம்மா வந்து உக்காந்து உடைஞ்ச கல்லையெல்லாம் பொறுக்கி வாளியில போட ஆரம்பிச்சா, கோலம் போட்ட துண்டு ஒன்னை மட்டும் எடுத்து சாமி ரூமு வாசல்ல வெச்சுக்கிட்டா. சனிக்கிழமை முடிஞ்சுது, ஆனா கீழ எல்லாம் ஜல்லி, தோண்ட முடியாது. நல்ல மண்ணுக்கு எங்க போறது? எஸ்டேட் ஆபீஸ் கிராணிகிட்ட கேட்டு, நம்ம பழைய லைன் வீட்டுக்குப் பின்னால அம்மா மிளகாய் போட்ட கரையிலேருந்து, மருந்தடிக்காத மண்ணு, முப்பத்தி நாலு மூட்டை அள்ளி பாய் வேன்ல நாலு நடை கொண்டாந்தேன். ஒரு புடி கூட படக் கூடாதுன்னு சொன்னவன் தோள்ல அதே மண்ணை சுமந்துட்டு வந்து என் வீட்டுக்குள்ளயே கொட்டினேன்.

அதோட புண்ணையும் விடல. நீ கேப்பேன்னு தெரியும், சொல்றேன். காலையிலயும் சாயங்காலமும் வெதுவெதுன்னு உப்புத் தண்ணியில கழுவி பழைய எண்ணெயையெல்லாம் எடுத்தோம், அப்புறம் கிளினிக்குல குடுத்த அயோடின் மருந்தை தண்ணியில கலந்து ஊத்தணும், பால் ஊத்தாத தேத்தண்ணி நிறத்துக்கு இருக்கணும்னு டாக்டர் சொன்னாங்க. தேத்தண்ணி நிறம் எனக்கா சொல்லித் தரணும்! அம்மா ரெண்டு தடவை கருப்பா கலந்தா, ரெண்டையும் கொட்ட வெச்சேன். ஒத்தி எடுத்து, காய விட்டு, ஈ வராம வீட்டுக்குள்ள சுத்தமான துணி விரிச்சு படுக்க வெச்சோம், வெயில் வந்தா மட்டும் மண்ணுக்கு விடுவோம். ஹாலே நாறிச்சு, பரவாயில்ல.

திங்கள் ஒன்னும் நடக்கல. செவ்வாய் மண்ணை மோந்து பாத்துட்டு வந்துடுச்சு. புதன்கிழமை எனக்கு நம்பிக்கையே போச்சு, மறுநாள் ஆப்பரேஷனுக்கு பாய்கிட்ட வேனும் கேட்டு வெச்சுட்டேன். மதியம் ரெண்டு மணி இருக்கும், நேரா அந்த மூலைக்குப் போச்சு, மூத்திரம் விட்டு மண்ணை நனைச்சுது, திரும்பி நின்னுக்கிட்டு பின்னங்காலால தோண்ட ஆரம்பிச்சுது. புண்ணு கால்தான், ஆனா நிக்கவே இல்ல. மூணு மணிக்கு தூறல் புடிச்சுது, நான் குடையை எடுத்துட்டுப் போயி அது மேல புடிச்சேன், அம்மா வந்து என் மேல ஒன்னு புடிச்சா. ஒன்னொன்னா விழுந்துச்சு. நான் வாய்க்குள்ளயே எண்ணினேன். பதினெட்டு வந்ததும் நின்னுடுச்சு. காமணி நேரம் ஒன்னும் இல்ல. அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டா, நான் டாக்டர் நம்பரை எடுத்துட்டேன், அப்போ கழுத்தை நீட்டி ஒரு மூச்சு விட்டுச்சு பாரு, பத்தொம்பது. நான் சேத்துலயே உக்காந்துட்டேன். மறுநாள் காலையில அரை முட்டைக்கோசை தின்னுட்டு பெட்டிக்குள்ள தூங்கிடுச்சு, நடையே இல்ல. புண்ணு ஓரத்துல புதுத் தோல் வருது.

இனி உன் விஷயம். குளிர்ல கை வெடிக்குதுன்னு அம்மாகிட்ட சொன்னியாமே, படுக்கும்போது தேங்கா எண்ணெய் தடவு, வெடிப்புக்குத்தான், ரத்தம் வந்த புண்ணுக்கு வேணாம். சாப்பாட்டை வேலை முடிஞ்சு பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதே. அடுத்த தடவை ஃபோன் அடிக்கும்போது உங்களால முடியுமாப்பான்னு கேக்காதே, புண்ணு கழுவியாச்சான்னு கேளு, பதில் சொல்றேன். டிசம்பர்ல டிக்கெட்டு போடுறேன்னு சொன்னதை நான் மறக்கல, நீயும் மறக்காதே. பின்வாசல்ல பாதி சிமெண்டு, பாதி சேறாத்தான் இருக்கும், திரும்ப சிமெண்டு போடுறதா இல்ல. வா, கங்காணியைப் பாரு, காலைக் கழுவிட்டு உள்ள வா. உன் சப்பாத்தை நான் காய வெக்கிறேன்.

நோய் நொடி இல்லாம, நினைச்சதெல்லாம் கைகூடி, தலை நிமிந்து நல்லா இருக்கணும் எந்தங்கம்.

உன் அப்பா
பக்கிரிசாமி

அம்மா வேலம்மா சொல்லச் சொன்னா: கங்காணியை இனிமே வாடி போடின்னுதான் கூப்பிடணுமாம்.