தாராவி மாடியில் பெய்யாத மழை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். குடை வானிலை ஆபீசில். தாராவி மழைமானியோடு ரேடார் கணக்கை ஒப்பிடும் வேலை. தூறலில் இரண்டும் ஒத்துப்போகின்றன. பெருமழையில் ரேடார் சொல்வதில் பாதிகூட மானியில் இல்லை. ரேடார் எங்கே மழையை அளக்கிறது? துளியில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து ஊகம். துளி பெரிதானால் ஊகம் எகிறும். காரணம் கிடைத்துவிட்டது என்று சந்தோஷம்.

ஜூலை 8, செவ்வாய்

சார்: "பெருமழைன்னா ரேடார் கணக்கைப் பாதியாக்கிடு. வெள்ளிக்கிழமை கொடுத்துடலாம்."

அதை வைத்துத்தான் தாராவிக்கு வெள்ள எச்சரிக்கை மெசேஜ். பாதியாக்கினேன். மனசு ஒப்பவில்லை. போன வாரம் தண்டவாளத்தில் தண்ணீர், ரயில் நின்றது. பாதி மழைக்கா அவ்வளவு? நேரில் பார்க்கணும். தயிர் வாங்க மறந்தாச்சு.

ஜூலை 9, புதன்

மதியம் தாராவி. நாங்கள் வைத்த மானி செல்வி அக்கா வீட்டு மாடியில். ஏணி ஏறும்போதே கொட்ட ஆரம்பித்தது. அக்கா என்னை முந்திக்கொண்டு ஓடி, மானிமேல் நீலத் தார்ப்பாயைப் போர்த்திச் செங்கல் வைத்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"பெருமழைல்லா. நனைஞ்சா கெட்டுப் போயிராதா? தூத்தலுக்கு மூட மாட்டேன்."

"மழையை அளக்கத்தானே அக்கா வச்சது."

"நீங்கதான சொன்னீய, வெலையுள்ள சாமான், பத்திரமாப் பாத்துக்கோங்கன்னு."

சொன்னேன்தான். சிரிப்பு வந்தது. இறங்கும்போதுதான் கவனித்தேன். அக்கா வீட்டு வாசலை ஒட்டியே நாலா, திறந்த சாக்கடைக் கால்வாய். என் பாதிக் கணக்கை நம்பி எச்சரிக்கை போகாமல் விட்டால் முதலில் தண்ணீர் ஏறுவது இங்கேதான்.

ஜூலை 10, வியாழன்

சாரிடம் சொன்னேன்.

"அப்போ ரேடார் சரியா?"

"தெரியாது சார். தப்புன்னு சொல்ல நம்மகிட்ட எதுவும் இல்ல."

பாதியாக்குவது ரத்து. வீண் எச்சரிக்கை போனால் திட்டு எனக்கு. போகட்டும்.

ஜூலை 12, சனி

விடாத மழை. நாலு மணிக்கு மெசேஜ் போனது. தண்ணீர் வராவிட்டால் மானம் போகும். வந்தால் அதைவிட மோசம். டீ ஆறிப்போனது. அக்காவுக்கு போன் போட்டேன்.

"முட்டளவு தண்ணி. மெசேஜ் பாத்ததும் அரிசி, தையல் மிஷின், புள்ளைங்க புஸ்தகம் எல்லாத்தையும் மேல ஏத்தியாச்சு."

"மானி?"

"மூடல. நனைஞ்சுக்கிட்டே நிக்கு. பாக்கப் பாவமா இருக்கு."