மலைக்கு இந்தப் பக்கம்

பெரியவளின் அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் பிள்ளைகளும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் மூட்டுவலி குறைந்ததா?

எங்களைத் துறைமுக வேலையிலிருந்து மலைக்கு இந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். லாரியில் இரண்டு மணி நேரம்தான், ஆனால் எல்லாம் தலைகீழ். அங்கே ஈரக்காற்றில் சட்டையே காயாது. இங்கே பிழிந்து உதறுவதற்குள் காய்ந்துவிடுகிறது. லாரி டிரைவரிடம் காரணம் கேட்டேன். "கடல்காத்து மலை ஏறும்போதே மழையை அந்தப் பக்கம் கொட்டிடும். இங்க வெறுங்கையோடதான் வரும்" என்றார். மேகமே இல்லாததால் பகலில் வெயில் அப்படியே இறங்குகிறது. இரவில் அந்தச் சூடு தங்காமல் ஓடிவிடுகிறது.

நேற்று மதிய வெயிலில், என் பக்கத்துக் கட்டில்காரரான கம்பி கட்டும் அண்ணன் வேலைக்கு நடுவே உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. பயப்படாதே, ஆஸ்பத்திரியில் கண் திறந்துவிட்டார். என்னைப் பார்த்து, "நீ யாருப்பா?" என்றார். இரவு அவருடைய போர்வையையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டேன். அப்படியும் குளிர் விடவில்லை.

நம்ம ஊரிலிருந்து யாராவது வந்தால் முழுக்கைப் பருத்திச் சட்டையும் கம்பளியும் கொடுத்துவிடு. இரண்டும் எதற்கு என்று அம்மா கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளி.

லாரி கிளம்பப் போகிறது, இதைக் கொடுத்தனுப்ப வேண்டும். அம்மா தினமும் டி.வி.யில் துறைமுக ஊரின் வெயிலைப் பார்த்து, "நம்மளவிடக் கம்மிதான்" என்று நிம்மதியாகத் தூங்கப் போவாளே, அப்படியே இருக்கட்டும். டி.வி.யில் சொல்வது பொய்யில்லை. அந்த ஊரில் நான் இல்லை, அவ்வளவுதான்.

பெரியவளின் அப்பா