திறக்கச் சொன்னது நான்

என் வீட்டுக் கைதிக்கு,

போனில் பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் கடிதம்.

நேற்று மதியம் எங்கள் சிறையின் மெத்தைக் கிடங்கு தீப்பிடித்தது. பக்கத்து பிளாக் முழுக்கப் புகை. உள்ளே கம்பியைத் தட்டிக்கொண்டு இருமுகிறார்கள். மேலதிகாரிக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.

"கேட்காம திறந்தா உங்க தலைதான் உருளும்மா," என்றார் தலைமை வார்டர்.

"உருளட்டும். திறங்க."

எல்லோரையும் மைதானத்துக்குக் கொண்டுவந்தோம். நடக்க முடியாதவர்களைக் கைதிகளே தூக்கி வந்தார்கள். அந்தக் களேபரத்தில் ஒருவன் சுவரேறி ஓடிவிட்டான்.

இன்று விசாரணை. தலைமை வார்டர் என்னை ஓரமாக அழைத்து, "பதட்டத்துல நானே திறந்துட்டேன்னு சொல்லிடறேம்மா. எப்படியும் ரிட்டயர் ஆகப்போறவன்தானே," என்றார். சாவிதான் அவர் கையில் இருந்தது, உத்தரவு என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இப்படி ஓர் ஆள் எனக்குக் கீழே வேலை பார்த்தார் என்பதே எனக்குப் பெருமை.

நாளையிலிருந்து மகளைப் பள்ளிக்கு நானே கொண்டுபோய் விடுவேன். ஊரிலிருந்து வந்ததும் வழக்கம்போல என் சீருடைக்கு இஸ்திரி போட உட்கார்ந்துவிடாதீர்கள். இனி என் காவலில் மிச்சம் நீங்கள் ஒருவர்தான்.

நான் தலைகுனிந்து வெளியே வந்தேன் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். "பொறுப்புன்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று விசாரணை அதிகாரி மேஜையைத் தட்டினார்.

"தெரியும் சார். அத்தனை பேரும் உயிரோட இருக்காங்க. ஓடினவனையும் சேர்த்துத்தான் சொல்றேன்," என்றேன்.

உங்கள்
ஜெயிலரம்மா